பால்குடியை மறக்கடிக்க அவசரப்படாதீர்கள்!

 



நம் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் செய்ய வேண்டியவை யாவை என்று கேட்டால், மக்தப் மத்ரஸாவில் ஓதும் சிறுவன்கூடச் சொல்லி விடுவான். காதில் பாங்கு சொல்ல வேண்டும். தஹ்னீக் செய்ய வேண்டும். ஏழாம் நாள் பெயர் சூட்டி, முடி களைந்து, அகீகா கொடுக்க வேண்டும் என்பான். ஆனால் அந்தக் குழந்தைக்கு அல்லாஹ் ஏற்படுத்திய முதல் உணவாகிய தாய்ப்பால் முறையாகக் கிடைக்கிறதா, அதைக் கொடுக்கும் தாய்க்கு உணவும் உறக்கமும் மனநிம்மதியும் கிடைக்கின்றனவா என்று கேட்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? அகீகா விருந்துக்கு எத்தனை ஆடு என்று பேசும் ஆண்கள், பால் கொடுப்பதைப் பெண்களின் சமாச்சாரம் என்று ஒதுக்கி வைத்து விடுகிறோம்.

அது பெண்களின் சமாச்சாரம் மட்டுமன்று. தந்தையின் கடமை, குடும்பத்தின் கடமை, ஆட்சியாளரின் கடமை என்று நம் முன்னோர் அதைக் கருதினார்கள். இதற்கு வரலாறு சாட்சி சொல்கிறது. அந்த வரலாற்றை இங்கே சற்று நினைவுகூர்வோம்.

திருமறை வகுத்த முறை

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் இவ்விஷயத்தில் அடிப்படையானது. பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு முழுமையான இரண்டு ஆண்டுகளை அல்லாஹ் அதில் கூறுகிறான். தாய் பாலூட்ட வேண்டும் என்று சொல்லி முடித்து விடாமல், அதே மூச்சில் அவளுக்கு முறைப்படி உணவும் உடையும் அளிப்பது தந்தையின் பொறுப்பு என்றும் கூறுகிறான். பிள்ளையைக் காரணம் காட்டித் தாய்க்கும் துன்பம் இழைக்கக் கூடாது. தந்தைக்கும் துன்பம் இழைக்கக் கூடாது. தந்தை இறந்து விட்டால் வாரிசுதாரர் மீதும் அதே பொறுப்பு உண்டு. இரண்டாண்டுக்கு முன்பே பால்குடியை நிறுத்த நாடினால் இருவரும் ஆலோசித்து, இருவரும் மனமொப்பிச் செய்ய வேண்டும். கணவன் தனியாகவோ மாமியார் தனியாகவோ முடிவெடுக்கும் காரியமன்று அது!

அத்தலாக் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. விவாகரத்துப் பெற்ற பெண் அந்த மனிதரின் குழந்தைக்குப் பாலூட்டினால், அதற்குரிய ஊதியத்தை அவர் கொடுத்தாக வேண்டும். இருவருக்கும் ஒத்துவராமல் போனால் வேறொரு பெண் பாலூட்டட்டும் என்று வழியும் காட்டப்பட்டுள்ளது. தலாக்கின் கசப்புக்கு நடுவிலும் பிள்ளையின் பால் நின்று விடக் கூடாது என்பதில் ரப்புல் ஆலமீன் எவ்வளவு கருணை காட்டுகிறான் என்பதைக் கவனியுங்கள்.

பாலைவனத்துச் செவிலித்தாயர்

மக்காவின் குறைஷிக் குடும்பத்தார் தம் குழந்தைகளைப் பாலைவனத்துப் பெண்களிடம் ஒப்படைப்பது அக்கால வழக்கம். நகரத்தின் நெருக்கடியிலிருந்து விலகித் தூய காற்றில் பிள்ளை வளரும், அரபுமொழியைத் தெளிவாகப் பேசும் என்பது அவர்களின் எண்ணம். நம் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஸுவைபா என்ற அடிமைப் பெண் சில காலம் பாலூட்டினார்கள். பின்னர் பனூ ஸஅத் கோத்திரத்தைச் சேர்ந்த ஹலீமா (ரலி) அவர்கள் அந்தப் பேறு பெற்றார்கள்.

அன்னை ஹலீமா அவர்கள் மக்கா வந்த ஆண்டு பஞ்சம் நிலவிய ஆண்டு. அவர்களின் ஒட்டகத்தில் சொட்டுப் பாலில்லை. அவர்களின் சொந்தக் குழந்தை பசியால் அழுது இரவெல்லாம் எவரையும் உறங்க விடவில்லை. தாய்க்கு உணவில்லாவிட்டால் பிள்ளைக்கும் பசிதான் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாக நிற்கிறது. தந்தையற்ற குழந்தைக்கு ஊதியம் யார் தருவார்கள் என்று மற்றப் பெண்கள் தயங்கிய நிலையில் ஹலீமா அவர்கள் அந்த யத்தீமை மார்போடு அணைத்துக் கொண்டார்கள். அதன்பின் அவர்களின் கூடாரத்தில் இறங்கிய பரக்கத்தை வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

அந்தப் பாலின் உறவை நாயகம் (ஸல்) அவர்கள் இறுதிவரை மறக்கவில்லை. ஹிஜ்ரி 8இல் ஹுனைன் போருக்குப் பின் சிறைப்பிடிக்கப்பட்டோரில் ஒரு பெண், தான் நபியவர்களின் பால்குடிச் சகோதரி ஷைமா என்று கூறினார்கள். அடையாளம் தெரிந்ததும் நபியவர்கள் தமது மேலாடையை விரித்து அவர்களை அதில் அமரச் செய்து, கண்ணியத்தோடும் அன்பளிப்புகளோடும் அனுப்பி வைத்தார்கள்.

நபியவர்களின் மகனார் இப்ராஹீம் (ரலி) அவர்களுக்கு மதீனாவில் ஒரு கொல்லரின் மனைவி பாலூட்டினார்கள். அந்த வீட்டில் உலைப் புகை சூழ்ந்திருக்கும். ஆயினும் நபியவர்கள் அங்கே நடந்து சென்று, குழந்தையை வாங்கி முத்தமிட்டுத் திரும்புவார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்). அரபு நாடே கீழ்ப்படிந்த ஒரு தலைவர், பால்குடிக்கும் மகனைக் காணப் புகை நிறைந்த வீட்டுக்குள் குனிந்து நுழைகிறார்! பால்குடி முடியும் முன்பே அந்த மகனார் இறந்தபோது, சொர்க்கத்தில் அவருக்குப் பாலூட்டுவோர் உண்டு என்று நபியவர்கள் கூறினார்கள்.

பாலூட்டும் தாய்க்கு மார்க்கம் சலுகையும் அளித்தது. தன் மீதோ குழந்தை மீதோ அஞ்சும் பாலூட்டும் பெண் ரமளானில் நோன்பை விட்டுவிட அனுமதி பெற்றாள். தொழுகையை நீட்டித் தொழ நாடி நின்ற நபியவர்கள், பின்வரிசையில் குழந்தையின் அழுகை கேட்டதும், அந்தத் தாயின் உள்ளம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக் கொண்டார்கள் (புகாரி).

ஓர் இரவின் அழுகுரல்

அன்பர்களே! இனிச் சொல்லப் போவதுதான் இக்கட்டுரையின் உயிர்நாடி.

அமீருல் மூஃமினீன் உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 13 முதல் 23 வரை (கி.பி. 634–644) ஆட்சி செய்தார்கள். நாடுகள் வெற்றி கொள்ளப்பட்டுச் செல்வம் குவிந்தபோது, ‘தீவான்’ என்ற பதிவேட்டை ஏற்படுத்தி, மக்களுக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்கினார்கள். குழந்தைகளுக்கும் அதில் பங்கு இருந்தது. ஆனால் தொடக்கத்தில் ஒரு விதி இருந்தது. பால்குடி மறந்த பிள்ளைக்கே தொகை. பால்குடிக்கும் பிள்ளைக்கு இல்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தனிச் செலவு ஏது என்று எவரும் எண்ணக்கூடிய விதிதான் அது.

ஒருநாள் வணிகக் கூட்டம் ஒன்று மதீனாவின் தொழுகைத் திடலில் வந்து தங்கியது. திருட்டுப் போகாமல் அவர்களுக்குக் காவல் காப்போம் என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை அழைத்துக்கொண்டு கலீஃபா சென்றார்கள். இருவரும் தொழுதவாறு காவல் இருந்தபோது ஒரு குழந்தையின் அழுகை கேட்டது. உமர் (ரலி) அவர்கள் சென்று, அல்லாஹ்வை அஞ்சிக்கொள், உன் பிள்ளையை நல்லபடியாகக் கவனி என்று அதன் தாய்க்கு உபதேசித்துத் திரும்பினார்கள். சற்று நேரத்தில் மீண்டும் அழுகை. மீண்டும் சென்று அதையே சொன்னார்கள். இரவின் கடைசிப் பகுதியில் மூன்றாம் முறையாக அழுகை எழுந்தது. பொறுமை இழந்தவர்களாகச் சென்று, நீ நல்ல தாயாகத் தெரியவில்லையே, இரவு முழுவதும் உன் மகன் ஏன் அமைதியின்றி இருக்கிறான் என்று கேட்டார்கள்.

எதிரில் நிற்பவர் யாரென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அல்லாஹ்வின் அடியாரே, இன்றிரவு நீர் என்னைச் சலிப்படையச் செய்து விட்டீர். நான் இவனுக்குப் பால்குடியை மறக்கடிக்கப் பார்க்கிறேன், இவன் மறுக்கிறான் என்றாள். ஏன் என்று கேட்டார்கள். பால்குடி மறந்த பிள்ளைக்குத்தானே உமர் உதவித்தொகை தருகிறார் என்றாள். அந்தக் குழந்தைக்குச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவசரப்படுத்தாதே என்று சொல்லிவிட்டு அவர்கள் அகன்றார்கள்.

அன்றைய ஃபஜ்ருத் தொழுகையில் உமர் (ரலி) அவர்கள் ஓதியது மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. அழுகை அந்த அளவுக்கு அவர்களை மிகைத்திருந்தது. ஸலாம் கொடுத்தபின், உமருக்குக் கேடுதான், முஸ்லிம்களின் குழந்தைகளில் எத்தனை பேரை அவர் கொன்று விட்டாரோ என்று புலம்பினார்கள். உடனே அறிவிப்பாளரை அழைத்தார்கள். பால்குடியை மறக்கடிக்க அவசரப்படாதீர்கள். இஸ்லாத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இனி உதவித்தொகை உண்டு என்று ஊரெங்கும் முழங்கச் செய்தார்கள். எல்லா மாகாணங்களுக்கும் அவ்வாறே எழுதினார்கள். இதனை இப்னு ஸஅத் தமது ‘தபகாத்’ நூலில் பதிவு செய்துள்ளார். பிறந்த குழந்தைக்கு 100 திர்ஹம், வளர்ந்ததும் 200 திர்ஹம் என்று தொகை நிர்ணயிக்கப்பட்டது. கண்டெடுக்கப்பட்ட அனாதைக் குழந்தைக்கும் தொகை ஒதுக்கி, அதற்குப் பாலூட்டும் செலவையும் பைத்துல்மாலே ஏற்றது.

சகோதரர்களே! இந்நிகழ்ச்சியை உமர் (ரலி) அவர்களின் இறையச்சத்துக்குச் சான்றாக மட்டும் நாம் சொல்லிச் செல்கிறோம். அதன் வரிசையைச் சற்று உற்றுப் பாருங்கள். முதலிருமுறை உபதேசம் செய்தார்கள். குழந்தையின் அழுகை நிற்கவில்லை. மூன்றாம் முறை கடிந்து பேசினார்கள்; அதனாலும் நிற்கவில்லை. ஏன் என்று கேட்டார்கள். அப்போதுதான் குறை தாயிடம் இல்லை, தாம் போட்ட சட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. அந்தத் தாயிடம் பாசம் குறையவில்லை. அவளிடம் பணம் இல்லை, அவ்வளவுதான். மிம்பரில் நின்று பேசும் என் போன்றவர்களுக்கும், மருமகளைக் குறை சொல்லும் பெரியவர்களுக்கும் இதில் பெரும் பாடம் இருக்கிறது. உபதேசிக்கும் முன்பு ஏன் என்று கேட்க வேண்டும். கேட்டபின், நம் பக்கத்துத் தவறைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

சீம்பால்: அறிஞர்கள் சொன்னவை

பிற்கால அறிஞர்களும் இதில் நுணுக்கமாகக் கவனம் செலுத்தினார்கள். நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் ஓர் அரிய சட்டம் உண்டு. பிரசவித்தவுடன் சுரக்கும் சீம்பாலைத் தன் குழந்தைக்குக் கொடுப்பது தாயின் மீது கடமை. அது இல்லாமல் பெரும்பாலும் குழந்தை உயிர் வாழாது என்று அதற்குக் காரணமும் கூறினார்கள். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில் இது தெளிவாக உள்ளது. பிள்ளைக்குத் தானே பாலூட்ட விரும்பும் மனைவியைக் கணவன் தடுக்கலாம் என்ற கருத்தை அதே நூலில் இமாமவர்கள் மறுத்து, தடுக்க அவனுக்கு உரிமையில்லை என்பதே மிகச் சரியானது என்று முடிவு கூறியுள்ளார்கள்.

ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவ மேதை இப்னு ஸீனா (கி.பி. 980–1037), தாய்ப்பாலே குழந்தைக்கு மிகப் பொருத்தமானது என்று எழுதினார். ஆயினும் பிரசவித்த தொடக்கத்தில் தாயின் உடல் சீராகும் வரை வேறொரு பெண் பாலூட்டுவது நல்லது என்றும் எழுதினார். இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களும் முதல் இரண்டு மூன்று நாட்களின் பால் கெட்டியானது எனக் கருதி அவ்வாறே எழுதியுள்ளார்கள். அது அக்கால மருத்துவக் கருத்து, மார்க்கச் சட்டமன்று. சீம்பால் அளவில் சிறிதானாலும் நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்தது, பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. ஷாஃபிஈ சட்ட அறிஞர்களின் பார்வை எவ்வளவு கூர்மையானது என்பது இதிலிருந்து விளங்கும்.

அப்படியிருக்க, அந்த முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும், கழுதைப் பால் தேடி அலைவதும் எந்த மத்ஹபில் உள்ளவை? தஹ்னீக் சுன்னத்துதான். ஆனால் அது மென்ற பேரீச்சம் பழத்தை அண்ணத்தில் சிறிது தடவுவதே. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவன்று. பெரியவர் வரட்டும், தஹ்னீக் ஆகட்டும் என்று பசித்த பிள்ளையைக் காக்க வைக்கக் கூடாது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரிப்பதையும் மதிக்க வேண்டும்.

வக்ஃபு சொத்துகளைப் பற்றி எழுதிய சிரியா நாட்டு அறிஞர் முஸ்தபா ஸிபாயீ (மறைவு 1964), ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் அறக்கொடை ஒன்றைக் குறிப்பிடுகிறார். திமிஷ்கு கோட்டை வாசலில் ஒரு குழாயில் பாலும் மற்றொன்றில் சர்க்கரை கரைத்த நீரும் வருமாம். வாரத்தில் இரண்டு நாட்கள் தாய்மார்கள் வந்து தம் பிள்ளைகளுக்காகப் பெற்றுச் செல்வார்களாம். பிள்ளை பெற்றவளைத் தாங்குவதும் நம் முன்னோருக்கு ஸதகத்துல் ஜாரியாவாக இருந்தது.

புட்டிப்பால் வந்த வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் செயற்கைப் பாலுணவு வாணிபமாக உருவெடுத்தது. தாயில்லாக் குழந்தைக்கும் தாய் நோயுற்ற குழந்தைக்கும் அது உதவியது உண்மையே. ஆனால் வியாபாரம் அந்த எல்லையோடு நிற்கவில்லை. இனிப்பூட்டிய டின் பால்கூடக் கைக்குழந்தைக்கு ஏற்றதென்று மலாயா நாட்டில் விளம்பரம் செய்யப்பட்டது. அங்கே பணியாற்றிய ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், நோயுற்று இறக்கும் குழந்தைகளைக் கண்டு கொதித்தார். 1939இல் சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தார் முன்னிலையில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் உரையாற்றி, தாய்மாரைத் தவறான வழியில் செலுத்தும் இந்தப் பிரசாரத்தைக் கொலையாகவே கருத வேண்டும் என்றார். எத்தனை குழந்தைகளை உமர் கொன்றாரோ என்று மதீனாவில் ஒரு கலீஃபா அழுது 1300 ஆண்டுகள் கழிந்து, முஸ்லிமல்லாத ஒரு மருத்துவர் அதே கடுமையான சொல்லை எடுக்க வேண்டியிருந்தது. உண்மையை உணர்ந்த உள்ளம் எங்கிருந்தாலும் ஒரே விதமாகவே துடிக்கும்.

பல ஆண்டுப் போராட்டத்திற்குப் பின் 1981 மே மாதத்தில் உலக சுகாதார மாநாடு, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனையை நெறிப்படுத்தும் விதிகளை ஏற்றது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த ஒரே நாடு அமெரிக்கா. இந்தியாவில் 1992இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டு, 2003இல் மேலும் வலுவாக்கப்பட்டது. குழந்தைப் பால்மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதும், தாய்மாருக்கு இலவச மாதிரி வழங்குவதும் இச்சட்டப்படி குற்றம். முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே, அதன்பின் மற்ற உணவுகளோடு இரண்டாண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. திருமறை கூறிய இரண்டாண்டை இங்கே நினைவுகூருங்கள்.

பணிபுரியும் பெண்களின் சம்பளத்துடன் கூடிய பிரசவ விடுப்பு, 2017இல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தப்பட்டது. தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015இல் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அரசு செய்வதைச் செய்கிறது. நாம் என்ன செய்கிறோம்?

நம் கடமைகள்

தந்தையரே! பாலூட்டும் மனைவிக்கு உணவும் உடையும் அளிப்பது உங்கள் தயாள குணமன்று; அல்லாஹ் விதித்த கடமை. இரவில் பத்து முறை எழுபவளுக்குப் பகலில் ஒரு மணி நேரம் உறங்க வழிசெய்யுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் தொலைபேசியில் பிள்ளையின் எடையை விசாரிக்கும்போது, பிள்ளையின் தாய் சாப்பிட்டாளா என்றும் விசாரியுங்கள்.

பெரியவர்களே! தாய்வீட்டில் நாற்பது நாள் ஓய்வு என்பது நம் சமுதாயத்தின் நல்ல வழக்கம். அந்த நாட்களில் குழந்தை அழும் ஒவ்வொரு முறையும், உனக்குப் பால் பற்றவில்லை, புட்டியைக் கொடு என்று சொல்லி இளம் தாயின் மனத்தை உடைத்து விடாதீர்கள். பிள்ளை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு பால் சுரக்கும்படி அல்லாஹ் படைத்திருக்கிறான். புட்டி நுழைந்தால் பிள்ளை உறிஞ்சுவது குறையும்; உறிஞ்சுவது குறைந்தால் பாலும் குறையும். பிள்ளையை எப்படி அணைப்பது, காம்பு புண்ணானால் என்ன செய்வது என்பதெல்லாம் கற்றுக்கொடுத்து வருவதே. கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எவ்வளவு முயன்றும் பால் கொடுக்க இயலாத சகோதரியே! மனம் வருந்தாதீர்கள். எந்த ஆன்மாவின் மீதும் அதன் சக்திக்கு மீறிச் சுமத்துவதில்லை என்று அல்பகராவின் அதே வசனத்தில்தான் இறைவன் ஆறுதல் அளிக்கிறான். மருத்துவர் சொல்லும் பால்மாவைச் சுத்தமாகக் கரைத்துக் கொடுப்பதில் பாவம் ஏதுமில்லை. உங்களைக் குறை சொல்பவர்களே வெட்கப்பட வேண்டியவர்கள். வேறு பெண்ணின் பால் கொடுக்க நேர்ந்தால் மட்டும், யாருக்கு யார் பாலூட்டினார் என்பதைக் குடும்பத்தில் எழுதி வையுங்கள். பால்குடி உறவால் திருமணத் தடை ஏற்படும். தாய்ப்பால் வங்கிகளில் யாருடைய பால் என்பது தெரியாமல் போகும் என்ற காரணத்தால்தான் 1985இல் ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹு அகாடமி அவற்றை ஏற்க மறுத்தது. மாற்றுக் கருத்துடைய அறிஞர்களும் உள்ளனர். உயிருக்குப் போராடும் குறைமாதக் குழந்தைக்கு அத்தகைய நிலை வந்தால் ஆலிம்களிடம் உடனே கேளுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! திருமண மண்டபம் கட்டும்போது தாய்மார் மறைவாகப் பாலூட்ட ஓர் அறை ஒதுக்குங்கள். நிகாஹ் பதிவேட்டைப் பாதுகாக்கும் நாம், தலாக் ஆகிக் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணுக்குப் பாலூட்டும் ஊதியமும் குழந்தையின் செலவும் கிடைத்தனவா என்று கேட்க வேண்டாமா? மஹல்லாவின் பைத்துல்மாலில் பாலூட்டும் ஏழைத் தாய்க்கு ஒரு பங்கு இருக்கட்டும். பெண்கள் மத்ரஸாவில் மாதம் ஒருமுறை ஒரு செவிலியர் வந்து பேசட்டும்.

இன்றிரவு உங்கள் தெருவில் ஒரு குழந்தை அழுதால், அந்தத் தாயைக் குறை சொல்லாதீர்கள். உமர் (ரலி) அவர்கள் மூன்றாம் முறை கேட்ட கேள்வியை நீங்கள் முதல் முறையே கேளுங்கள். அதற்குரிய பதில் உங்கள் கையில்கூட இருக்கலாம்.

யா அல்லாஹ்! எங்கள் குழந்தைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! அவர்களுக்காக உறக்கம் இழக்கும் தாய்மாருக்கு ஆரோக்கியத்தையும் நற்கூலியையும் வழங்குவாயாக! அவர்களின் உரிமையை உணர்ந்து நிறைவேற்றும் நல்லுள்ளத்தை எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.